குடை போட்ட பலகை

சாலமோன் வீட்டுக்கு முதல் தடவையாக வருகிறவர்கள் செருப்பைக் கழற்றிவிட்டு நிமிர்ந்ததும் ஒரு நொடி தயங்குவார்கள். கூடத்தில், சுவரைவிட்டு நன்றாகத் தள்ளி, நெஞ்சளவு உயரத்துக்கு இரண்டு பலகைகள் ஆள் நிற்பதுபோல நின்றுகொண்டிருக்கும். கதவு மாற்றுகிறீர்களா என்று கேட்டவர்கள் உண்டு. பீரோ வாங்கி இன்னும் பூட்டவில்லையா என்று கேட்டவரும் உண்டு.

"பத்துக்குப் பத்து ஊட்ல ரெண்டு பேரு சும்மா நின்னுக்கினு கீறாங்க. சோறு மட்டுந்தான் கேக்கல" என்பாள் அவர் மனைவி ஆரோக்கியமேரி.

அவை ஸ்பீக்கர்கள். பலகைக்கு ஒன்றாக, சாப்பாட்டுத் தட்டு அகலத்தில் ஒரு பெரிய ஸ்பீக்கர். அதற்கு மேலே மெல்லிய சத்தங்களுக்காகச் சின்னதாக ஒரு ட்வீட்டர். பெட்டி கிடையாது. பின்பக்கம் அப்படியே திறந்து கிடக்கும், காந்தமும் வயரும் கண்ணுக்குத் தெரியும். முன்னால் எவ்வளவு சத்தம் வருகிறதோ பின்னாலும் அவ்வளவு வரும். சுவரோடு ஒட்டி வைத்தால் பின்னால் போன சத்தம் உடனே முட்டித் திரும்பி, முன்னால் வருவதைக் கெடுத்துவிடும். டிரம்மின் கனமெல்லாம் செத்துப்போகும். அதனால்தான் நடுக்கூடம்.

கும்மிடிப்பூண்டி சிப்காட் தொழிற்பேட்டையில், டிராக்டருக்கு இரும்பு உதிரிபாகம் அடித்துத் தருகிற ஒரு ஃபோர்ஜிங் கம்பெனியில் சாலமோனுக்கு வேலை. பொன்னேரிப் பக்கம் பிறத்தியார் நிலத்தில் நாற்று நட்ட அம்மாவுக்கும் ஏர் ஓட்டிய அப்பாவுக்கும் பிறந்து, ஐடிஐ முடித்து, ஒப்பந்தக் கூலியாக நுழைந்து, நிரந்தரமாகி, தலையில் நரை விழுகிற வரைக்கும் ஹேமர் என்கிற சம்மட்டி மெஷின் முன்னால்தான் நின்றிருக்கிறார். செக்கச்செவேலென்று பழுத்த இரும்பை அச்சில் வைத்ததும் மேலேயிருந்து ஹேமர் இறங்கும். அந்த அடி காதில் கேட்பதற்கு முன்னால் காலில் ஏறும். வேலை முடிந்து பஸ்ஸில் உட்கார்ந்த பிறகும் உள்ளங்காலில் அது இருந்துகொண்டே இருக்கும்.

கல்யாண வீட்டிலும் திருவிழாவிலும் வைக்கிற பெட்டி ஸ்பீக்கர்கள் அவருக்குப் பிடிக்காமல் போனதும் இதனால்தான். தும் தும் என்று அதிர்வதைக் கேட்டால் ஷிப்ட்டில் நிற்கிறமாதிரியே இருந்தது. ஒருநாள் போனில் எவனோ ஒரு வெளிநாட்டுக்காரன் பலகையில் ஸ்பீக்கரை மாட்டிப் பாட்டுப் போடுகிற வீடியோவைப் பார்த்தார். பேசியது பாதி புரியவில்லை. பலகை புரிந்தது. சென்னை ரிச்சி தெருவுக்குப் போய் ஸ்பீக்கர்கள் வாங்கிவந்தார். கம்பெனிக்குப் புது மெஷின் வந்திறங்கியபோது அதன் பொதிப்பெட்டியைப் பிரித்த ப்ளைவுட்டைக் கேட்டு வாங்கிக்கொண்டார். முன்பக்கம் இழைத்து வார்னிஷ் அடித்தார். பின்பக்கத்தைத் தொடவில்லை. பெட்டியின் மேல் அச்சடித்திருந்த குறிகள் அங்கே அப்படியே இருந்தன. ஒரு பலகையில் நனையாதே என்று சொல்கிற குடைப் படம், மற்றதில் உடைந்துவிடும் என்று சொல்கிற கண்ணாடிக் கிளாஸ் படம்.

முதல் பாட்டு போட்டபோது மேரி அடுப்படியிலிருந்து எட்டிப் பார்த்தாள். யாரோ கூடத்துக்குள் வந்து பாடுகிறார்கள் என்றுதான் அவளுக்கும் இருந்தது. ஆனால் அதை ஒப்புக்கொண்டால் பலகை நிரந்தரமாகிவிடும் என்று தெரிந்து, "குழம்பு கொதிக்குது" என்று மட்டும் சொல்லிவிட்டுத் திரும்பிக்கொண்டாள்.

அதற்குப் பிறகு வந்த ஞாயிற்றுக்கிழமைகளில் பூசை முடிந்து வந்தால் சாலமோனுக்கு வேறு வேலை இல்லை. பலகையை ஒரு கை அகலம் முன்னால் நகர்த்துவார், கொஞ்சம் உள்பக்கம் திருப்புவார், பின்னால் சாய்ப்பார், ஓரத்தைச் சீவுவார். ஒவ்வொரு மாற்றத்துக்கும் ஒரு குரல் கொடுப்பார்.

"இப்ப எப்டி கீது?"

"நல்லாத்தான் கீது" என்று அடுப்படியிலிருந்து பதில் வரும்.

"ஷைனி, நீ சொல்லு?"

பொன்னேரியில் கல்லூரிக்குப் போகிற மகள் ஷைனி, காதில் செருகிய இயர்போனைக் கழற்றாமலே கட்டைவிரலைத் தூக்குவாள். "சூப்பர் நைனா."

கடைசியில் ஒருநாள் அவருக்கே திருப்தி வந்தது. பலகையின் கால் இருக்கும் இடத்தைத் தரையில் சாக்பீஸால் கோடு போட்டுக்கொண்டார். கோட்டை மிதித்தாலும் பலகையை அசைத்தாலும் வீட்டில் சண்டை என்று ஆனது.

பலகைகள் சரியாக நிற்கின்றனவா என்று பார்க்க அவரிடம் ஒரு வழி இருந்தது. பழைய காலத்துப் பாட்டுகளில் இடது வலது கிடையாது, இரண்டு பக்கமும் ஒரே சத்தம்தான் வரும். அப்படி ஒரு பாட்டைப் போட்டுவிட்டுச் சரியாக நடுவில் நாற்காலி போட்டு உட்கார்ந்தால், பாடுகிறவர் இரண்டு பலகைக்கும் நட்டநடுவில், வெறும் காற்றில் நிற்கவேண்டும்.

அக்டோபரில் பழைய ட்வீட்டர்களைக் கழற்றிவிட்டு வேறு நல்லதாகப் போட்டார். போட்ட அன்றைக்கு, பாடுகிறவர் நடுவில் நிற்கவில்லை. இடது பக்கம் சாய்ந்து நின்றார். கனமான சத்தமெல்லாம் நடுவில்தான் இருந்தது. ஜால்ராவும், வார்த்தையில் வருகிற 'ச'வும் மட்டும் இடது பலகைக்கு ஓடிவிட்டன. வலது பக்கம் கம்பளி போர்த்தின மாதிரி கிடந்தது.

"மேரி, ரெண்டு பக்கமும் ஒண்ணா கேக்குதா பாரு."

"நல்லாத்தான் கீது."

"ஷைனி?"

கட்டைவிரல் உயர்ந்தது.

சாலமோன் பாட்டை நிறுத்தினார். இரண்டு பேருக்கும் சரியாகக் கேட்கிறது. தனக்கு மட்டும் வலது பக்கம் கேட்கவில்லை. வேலையில் நிற்கும்போது ஹேமரின் அடி விழுவது அவருக்கு வலது காதுப் பக்கம்.

போன வருடம் கம்பெனியில் காது டெஸ்ட் எடுத்த டாக்டர், "ரைட் சைடு கொஞ்சம் பாத்துக்கங்க" என்று போகிறபோக்கில் சொன்னது இப்போது வந்து முன்னால் உட்கார்ந்தது. அடுத்த டெஸ்ட் டிசம்பரில். டெஸ்ட் வேன் கம்பெனி கேட்டுக்குள் வந்து நிற்கும். அதற்குள் கண்ணாடி போட்ட சின்ன அறை, தலையில் மாட்ட ஒரு ஹெட்போன், கையில் ஒரு பொத்தான். சத்தம் கேட்டால் அமுக்கவேண்டும். கேட்காதவர்களை ஹேமரிலிருந்து தூக்கி பேக்கிங்கில் போட்டுவிடுவார்கள். பேக்கிங்கில் இருந்தாலும் ஆள் பிழைத்துக்கொள்ளலாம். ஆனால் செவிடனுக்கு நடுக்கூடத்தில் இரண்டு பலகை எதற்கு?

அவருக்கு முன்னால் அதே ஹேமரில் நின்ற சடையப்பன் இப்போது பேக்கிங்கில்தான் இருக்கிறார். கேன்டீனில் அவர் பேசினால் மூன்று மேசை தள்ளி இருப்பவனும் திரும்பிப் பார்ப்பான்.

"இன்னாடா சாலமோனு, மூஞ்சி தொங்கிப்போய்க் கீது?"

"டெஸ்ட்டு வருதுண்ணே" என்றார் சாலமோன், அவர் முகத்துக்கு நேராக.

"அதுக்கா? கேளு. டெஸ்ட்டு எடுக்கற பொண்ணு கண்ணாடிக்கு அந்தாண்ட குந்திக்கினு பட்டனத் தட்டும். தட்டறப்ப தோள் அசையும். அசஞ்சா நீ அமுக்கு. நாலு வருசம் நான் அப்டித்தான் ஓட்னேன்."

"அஞ்சாவது வருசம்?"

"பொண்ண மாத்திட்டானுங்கடா! ஒரு பையனப் போட்டானுங்க. கல்லு மாதிரி குந்திக்கினு கீறான், இமைகூட அசையல." மேசையைத் தட்டிச் சிரித்தார். "ஒரு நல்லது. இப்பல்லாம் உங்க அண்ணி இன்னா திட்டுதுன்னே தெரில. என் முன்னாடியே குந்திக்கினு என்னப் பத்திப் பேசுது. நிம்மதி."

சாலமோனும் சிரித்தார். டீயைப் பாதியில் வைத்துவிட்டு எழுந்துபோனார்.

உண்மையைத் தெரிந்துகொள்ள எளிய வழி ஒன்று இருந்தது. வலது பலகையை இடது பக்கமும் இடது பலகையை வலது பக்கமும் மாற்றி வைத்துவிட்டு அதே பாட்டைப் போட்டால் போதும். கம்பளி போர்த்திய சத்தம் பலகையோடு சேர்ந்து இடம் மாறினால் கோளாறு பலகையில். மாறாமல் வலது பக்கமே கிடந்தால் கோளாறு காதில். இரும்பு வேலை செய்கிற ஒருவருக்கு இது தெரியாதா? தெரியும். அதனாலேயே செய்யவில்லை. ஒருநாள் இடுப்பு வலித்தது. ஒருநாள் கரண்ட் போனது. ஒருநாள் கோடு அழிந்துவிடும் என்று தோன்றியது. ஆம்ப்ளிஃபையரில் வலது பக்கத்தைக் கூட்டுகிற குமிழைக் கொஞ்சம் கொஞ்சமாகத் திருகிப் பாடுகிறவரை நடுவுக்கு இழுத்துப் பார்த்தார். குரல் வந்தது, டிரம் வலது பக்கம் போய்விட்டது. குமிழைப் பழைய இடத்துக்கே திருப்பிவிட்டு, பாட்டுக் கேட்பதையே விட்டுவிட்டார்.

"இன்னா, உன் ஆளுங்க ரெண்டு பேரும் வாயே தொறக்கல?" என்று மேரி ஒருநாள் கேட்டாள்.

"டையர்டா கீது" என்றார்.

டிசம்பரில் கிறிஸ்துமசுக்காகக் கூடத்துக்குப் பெயின்ட் அடித்தார்கள். சாலமோன் முதல் ஷிப்ட்டுக்குப் போன நாளில் மேரியும் ஷைனியும் சேர்ந்து சாமான்களை எல்லாம் பின்பக்கம் இழுத்துப் போட்டு, இரண்டு தடவையாக அடித்து முடித்து, காய்ந்ததும் திரும்ப உள்ளே வைத்துவிட்டார்கள்.

மத்தியானம் வந்தவர் வாசலிலேயே நின்று பலகைகளைத்தான் முதலில் பார்த்தார். கோடு அழியவில்லை. பலகைகளின் கால்கள் கோட்டின்மேல் மயிரிழை பிசகாமல் நின்றன. வயர்கள்கூட மாட்டியிருந்தன. மேரியின் கைவேலையைப் பார்த்ததும் அவருக்கு ஏனோ தைரியம் வந்தது. புதுச் சுவர், புது வாசனை. ஒருவேளை காதும் சரியாகியிருக்கலாம் என்கிற மாதிரி ஒரு அசட்டு நம்பிக்கை. நாற்காலியை இழுத்துப் போட்டுப் பழைய பாட்டை வைத்தார்.

பாடுகிறவர் வலது பக்கம் நின்றார்.

சாலமோன் நிமிர்ந்து உட்கார்ந்தார். தலையை ஆட்டினார். விரலைக் காதில் விட்டுக் குடைந்தார். இல்லை. ஜால்ரா வலது பக்கம் அடிக்கிறது. இடது பக்கம் கம்பளி. பாட்டை நிறுத்தினார்.

மேரி டீயோடு வந்தாள். சுவரைப் பற்றி ஏதாவது சொல்வார் என்று கொஞ்ச நேரம் நின்றாள்.

"ஏங்க, செவுரு எப்டி கீது? காலைலருந்து முதுகு ஒடிஞ்சிபோச்சு எங்களுக்கு."

"மேரி, எனக்குக் காது போச்சு."

"இன்னாது?"

"வலது காது போச்சுன்னு ரெண்டு மாசமா மனசுக்குள்ளயே வெச்சிக்கினு இருந்தேன். இன்னிக்கு எடதும் போச்சு." அவள் நீட்டிய டம்ளரை வாங்கிக்கொண்டார். "இத்தினி நாளு பாட்டு எடப்பக்கமா கேட்டுச்சு. இப்ப வலப்பக்கமா கேக்குது."

மேரி தரையில் உட்கார்ந்தாள். அழவில்லை. மளிகைக் கணக்குப் பார்க்கிறபோது வருகிற சுருக்கம் அவள் நெற்றியில் வந்தது.

"மொத வலது போச்சு. அப்பறம் எடதும் போச்சு. ரெண்டும் போனா ரெண்டு பக்கமும் கம்மியாத்தான கேக்கணும்? பாட்டு நடுவுலதான வரணும்? வலது எப்டி திரும்ப வந்துச்சு?"

சாலமோன் அவளைப் பார்த்தார். இதை அவர் யோசிக்கவில்லை.

"நீ பலகைய எப்டி வெச்ச?"

"எப்டி வெக்கிறது? உன் கோட்டு மேலதான் வெச்சேன். நானும் ஷைனியும் குனிஞ்சி குனிஞ்சிப் பாத்து வெச்சோம்."

"எந்தப் பலகைய எந்தாண்ட வெச்ச?"

"ரெண்டும் ஒரே மாதிரிதான கீது? எது வலது எது எடதுன்னு அது நெத்தில எழுதியா கீது?"

டீயைத் தரையில் வைத்துவிட்டு அவர் எழுந்து பலகைக்குப் பின்னால் போனார். சன்னல் ஓரம், வலது பக்கம், எப்போதும் குடைப் படம் போட்ட பலகைதான் நிற்கும். அங்கே இப்போது கண்ணாடிக் கிளாஸ் இருந்தது. குடை இடது பக்கம் போயிருந்தது.

வயர்களைக் கழற்றினார். ஒரு பலகையைக் கட்டிப்பிடித்துத் தூக்கிக்கொண்டு போய் அந்தப் பக்கம் வைத்தார், மற்றதை இந்தப் பக்கம் வைத்தார். கோடு அழிந்தது. காலாலேயே மிதித்து அழித்தார் என்றுதான் சொல்லவேண்டும். பாட்டு இடது பக்கம் வந்தது. மறுபடியும் மாற்றினார். வலது பக்கம் போனது. குடை எங்கே போகிறதோ அங்கே கம்பளி போனது. நான்காவது தடவை பலகையைத் தூக்கும்போது சிரிப்பு வந்துவிட்டது. பலகையை அணைத்தபடி, புதுப் பெயின்ட் அடித்த சுவருக்கு இந்தப் பக்கம் நின்றுகொண்டு, மூச்சு வாங்கச் சிரித்தார்.

"இன்னாங்க இது, பேய் புட்ச மாதிரி?" என்றாள் மேரி.

"காது நல்லா கீதுடி! பலகதான் கெட்டுப்போச்சு! பலக!"

சத்தம் கேட்டு ஷைனி உள்ளேயிருந்து வந்தாள். விஷயத்தைக் கேட்டதும் அவள் முகம் ஒரு மாதிரி ஆனது.

"நைனா, நீ அன்னிக்கு கேட்டப்ப நான் கேக்கவே இல்ல. நீ எப்ப கேட்டாலும் சூப்பர்னு சொல்லிச் சொல்லி, கை தானா தூக்கிக்குது."

சாலமோன் மேரி பக்கம் திரும்பினார்.

"என்ன ஏன் பாக்கற? ஞாயித்துக்கிழம ஒரு நாளைக்கு எத்தினி தடவ கேப்ப? வெங்காயம் வதக்கிக்கினு இருக்கறவ, நல்லாத்தான் கீதுன்னு சொல்லாம வேற இன்னா சொல்லுவா?" என்றவள் குரலைத் தாழ்த்திக்கொண்டாள். "ரெண்டு மாசமா உள்ளயே வெச்சிக்கினு இருந்தியே, வாயத் தொறந்து கேட்டியா?"

ஆறிப்போன டீயை எடுத்து ஒரே மூச்சில் குடித்தார். அவ்வளவு ருசியான டீயைச் சமீபத்தில் குடித்ததில்லை.

மறுநாள் காலை கிறிஸ்துமஸ் ஸ்டார் கட்ட மேரியின் தம்பி ஜெரால்ட் வந்தான். வயரிங் வேலை செய்கிறவன். கையோடு மீட்டரும் இருந்தது. சாலமோன் அவனை ஏணியிலிருந்து இறக்கிக் குடைப் பலகைக்குப் பின்னால் உட்காரவைத்தார்.

"ட்வீட்டர் நல்லா கீது மாமா" என்றான். பிறகு ட்வீட்டருக்கு முன்னால் வயரில் கட்டியிருந்த வெள்ளை நிறக் கண்டென்சரைப் பிடித்துப் பார்த்தான். கனமான சத்தத்தை வடிகட்டி மெல்லியதை மட்டும் ட்வீட்டருக்கு அனுப்புவது அதன் வேலை. மின்விசிறிக்குப் போடுகிற கண்டென்சரே இதற்கும் போதும் என்று சாலமோன் போனில் பார்த்திருந்தார்; சாமான் டப்பாவில் இரண்டு கிடந்தன, புது ட்வீட்டர் மாட்டும்போது போட்டுவிட்டார். ஜெரால்ட் மீட்டரை வைத்து அழுத்தினான். மறுபடி அழுத்தினான்.

"மாமா, இத எங்கருந்து எடுத்த?"

"டப்பாலருந்து."

"அக்கா!" என்று கத்தினான் ஜெரால்ட். "ஆடி மாசம் கூடத்து ஃபேன் மெதுவா சுத்துதுன்னு என்னக் கூப்ட்டியே, நான் கழட்டிக் குடுத்த கண்டென்சர இன்னா பண்ண?"

"குப்பைல போடுறதுக்கு வாசல்ல வெச்சேன். உங்க மாமா எடுத்துக்கினு போய் டப்பாவுல போட்டாரு. அவரு ஆணியக்கூட எறிய மாட்டாரே."

ஜெரால்ட் அந்த வெள்ளைப் பொருளை உள்ளங்கையில் வைத்து நீட்டினான். "செத்துப்போனது மாமா. இதால ஒரு ஃபேனையே சுத்த வெக்க முடியல. இதப் போயி பாட்டுப் பாடவெச்சிக் கீற!"

"ஃபேனு சுத்தலன்னதும் ஃபேனுக்குக் காது போச்சுன்னு நெனக்காம இருந்தாரே, அதுவே பெருசு" என்றாள் மேரி. அன்று முழுக்க அவளுக்கு இந்தப் பேச்சு போதுமானதாக இருந்தது.

புதுக் கண்டென்சர் இரண்டு வாங்கி மாட்டியதும் பாடுகிறவர் நடுவுக்கு வந்து நின்றார். சாலமோன் ஒரு பாட்டு முழுக்கக் கேட்டார். பிறகு கூடத்து மின்விசிறியைப் போட்டுவிட்டு, அது சுற்றுவதையும் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தார்.

காது டெஸ்ட் வேன் அந்த வாரமே வந்தது. பயம் முழுக்கப் போய்விடவில்லை. டாக்டர் போன வருடம் சொன்னது சொன்னதுதானே? கண்ணாடிக்கு அந்தப் பக்கம் இந்தத் தடவை ஒரு பெண்தான் இருந்தாள், தட்டும்போது தோளும் அசைந்தது. சாலமோன் கண்ணை மூடிக்கொண்டார். முதலில் ஒன்றுமில்லை. பிறகு எங்கோ தூரத்தில், ஜால்ராவின் விளிம்பு போல மெல்லிசாக ஒரு கீச்சு. அமுக்கினார். அதைவிடச் சின்னது. அமுக்கினார். வலது, இடது, மறுபடி வலது. சடையப்பன் வெளியே வரிசைக்குப் பக்கத்தில் நின்றுகொண்டு, "பாத்து அமுக்குடா!" என்று கத்தியது, கதவு சாத்திய அறைக்குள்ளும் கேட்டது.

"வயசுக்கு ஏத்த கொறவு கொஞ்சம் இருக்கு, ரெண்டு பக்கமும்" என்றார் டாக்டர். "வலது போன வருசம் எப்படி இருந்துச்சோ அப்படியேதான் இருக்கு. காதுல அடைப்பான் போடுறீங்களா?"

"சில நாளு" என்றார் சாலமோன்.

"தினமும் போடுங்க."

"தினமும் போடறேன் சார்" என்றார். இந்த மாதிரி வாக்குறுதிகளை எல்லோரும் எல்லா டாக்டரிடமும் கொடுப்பார்கள். சாலமோன் அன்று மத்தியானமே அடைப்பான் போட்டுக்கொண்டுதான் ஹேமர் முன்னால் போய் நின்றார்.

கிறிஸ்துமஸ் அன்றைக்கு வீடு கொள்ளாத ஆட்கள். மேரியின் சொந்தங்கள் ஆரணியிலிருந்து வந்திருந்தார்கள். பாய் விரிக்க இடம் வேண்டும். மேரி கேட்பதற்கு முன்பே சாலமோன் இரண்டு பலகைகளையும் சுவரோரம் தள்ளி ஒட்டி வைத்துவிட்டார். ஒரு விரற்கடை நகர்த்தினால் குதிக்கிற மனுஷனா இது என்று அவளுக்கு ஆச்சரியம். அவருக்கோ அன்றைக்கு எதைக் கேட்டாலும் கொடுத்துவிடுகிற மனநிலை.

பாட்டு ஓடிக்கொண்டிருந்தது. பந்தி நடந்தது. சாலமோன் இலைக்கு இலை பிரியாணி வைத்துக்கொண்டிருந்தார். எப்படி இருக்கிறது என்று அன்றைக்கு அவர் யாரையும் கேட்கவில்லை.

அடுப்படியிலிருந்து கரண்டியோடு மேரி வெளியே வந்தாள். வாசற்படியில் நின்று தலையைச் சாய்த்துக் கேட்டாள்.

"இன்னாங்க இது, பாட்டு சப்புனு கீது?"

"செவுத்துல ஒட்டி வெச்சேன், அதான்."

"டிரம்மு செத்துப்போச்சு. ஆளு எங்கியோ பக்கத்து ஊட்லருந்து பாடுற மாதிரி கீது." கரண்டியை ஷைனி கையில் கொடுத்தாள். "ஏ ஜெரால்டு, பாயச் சுருட்டு. நாலு பேரு பின்னாடி போய்க் குந்துங்க."

சாலமோன் பிரியாணித் தேக்சாவோடு அப்படியே நின்றார். மேரி புடவையை இடுப்பில் செருகிக்கொண்டு, குடை போட்ட பலகையைச் சுவரிலிருந்து நடுக்கூடத்துக்கு இழுத்தாள். கோடுதான் அழிந்துவிட்டதே. கண்ணை இடுக்கி, காதைக் கொடுத்து, கொஞ்சம் முன்னால், இன்னும் கொஞ்சம் முன்னால் என்று நகர்த்திக்கொண்டே வந்தவள் ஓரிடத்தில் நின்றாள்.

"இங்கதான்" என்றாள்.

அவர் கோடு போட்டு வைத்திருந்த அதே இடம்.